மனப்பதிவுவாதம்: ஓவியத்திலும் புனைகதையிலும்

மனப்பதிவு என்னும் சொல்லைத் தமிழ் வாசகர் பெரும்பாலும் விமர்சனத்தின் வழியாகவே அறிந்துள்ளனர். ஒரு நூல் தம்முள்ளத்தில் எழுப்பிய உணர்வையே அந்நூலின் மதிப்பீடாக முன்வைப்போரைக் குறைகூற அது வழங்கிவந்துள்ளது. அக்குறையின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால், அதே தொனியோடு ஓவியத்தையும் புனைகதையையும் அணுகும்போது வேறுபட்ட பொருள்கள் ஒன்றாகிவிடுகின்றன. தமிழ்த் தொடரின் முன்னே நிற்கும் 'மனம்' இக்குழப்பத்துக்கு ஓரளவு காரணம் எனலாம்.

1874 ஏப்ரல் 15ஆந் திகதி, பாரிஸில் புகைப்படக் கலைஞர் நாடாரின் பழைய கலைக்கூடத்தில், மொனே, பிஸ்ஸாரோ, ரெனுவா, டெகா முதலியோர் அதிகாரபூர்வச் சலோன் கண்காட்சிக்குப் புறம்பாகத் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தனர். மொனேயின் 'பதிவு: சூரியோதயம்' என்னும் தலைப்பைப் பற்றிக்கொண்டு லூயி லெருவா எள்ளி எழுதியதிலிருந்து இயக்கத்தின் பெயர் பரவலாயிற்று. அப்படத்திற் பதிந்திருப்பது ஓவியரின் துயரமோ மகிழ்ச்சியோ அன்று. லு ஹாவ்ர் துறைமுகத்தில் ஒரு காலைவேளை மூடுபனியூடாகக் கண்ணை வந்தடைந்த ஒளியே. பொருளின் பெயரையும் பயனையும் பற்றி முன்னரே அறிந்தவற்றை ஒதுக்கி, கண் பெறுவதை மட்டும் தீட்டும் இம்முயற்சியை அகவயமானதென்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

எனினும் கண் பெறுவதற்கும் எல்லையுண்டு. 1877இல் மொனே சென் லசார் புகையிரத நிலையத்தைப் பலமுறை தீட்டினார். கண்ணாடிக் கூரையின் கீழ் நீராவி நீலமாய்ச் சுருள்கிறது. மனிதரோ சில தூரிகைத் தீற்றல்கள். எஞ்சினுக்குக் கரியிடுபவன் எங்கே என வினவினால் படத்தில் விடையில்லை. (சலவைத் துணி தேய்க்கும் பெண்களை டெகாவும், தளம் இழைக்கும் தொழிலாளரைக் கைபொத்தும் தீட்டினர் என்பதையும் மறத்தலாகாது.)

1879இலேயே புரூனெத்தியேர் தோதேயை ஆராய்கையில் இப்பதத்தை நாவலுக்கு மாற்றினார். ஆனால் சொல் நிறமன்று. 'படகு' என்று எழுதியவுடனேயே அறிவு முந்திக்கொள்கிறது. ஆகவே எழுத்தாளன் செய்யக்கூடியது பெயரைத் தாமதிப்பித்தலே. ஜோசப் கொன்றாட்டின் 'இருளின் இதயம்' (1899) இதற்குத் தக்க சான்று. ஆற்றில் நீராவிப் படகைச் செலுத்தும் மார்லோ, சிறு குச்சிகள் பறப்பதைக் காண்கிறான்; அவை அம்புகள் என்பது பின்னரே தெரிகிறது. இயன் வாட் 1979இல் இவ்வுத்தியை விரிவாக விளக்கினார். எமக்கு முக்கியமாவது மற்றோர் இடம். தந்த வணிகன் கேர்ட்சின் இல்லத்தைச் சூழ்ந்த கம்பங்களில், தொலைவிலிருந்து மார்லோ உருண்டையான அலங்காரங்களைக் காண்கிறான். தொலைநோக்கி அருகிற் கொணர்ந்து காட்டுபவை மனிதத் தலைகள்.

மொனேயின் ஒரு படத்துக்குள் இத்தகைய 'பின்னர்' கிடையாது. காண்பதற்கும் அறிவதற்கும் இடைப்பட்ட காலம் புனைகதைக்கே வாய்த்தது. கொன்றாட் அதனைக் குடியேற்றவாதத்தின்மீது திருப்பினார். 1890இல் அவர் நேரிற் கண்ட கொங்கோவில் நடந்த கொள்ளை, ஐரோப்பாவுக்கு நாகரிகப் பணியாகவே காட்டப்பட்டது. அலங்காரம் தலையாக மாறும் அக்கணத்தில் வாசகன் தன் முதற் பார்வையையே ஐயுற நேர்கிறது. இதனைச் செயலற்ற கலை என்று எவ்வாறு ஒதுக்குவது?

ஆயினும் அறியும் உரிமை மார்லோவின் கண்ணுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. ஆபிரிக்கர் கைகளாகவும் விழிகளாகவும் ஓசைகளாகவும் சிதறுண்டே தோன்றுகின்றனர். சினுவா அச்செபே 1975இல் நிகழ்த்திய உரையில் கொன்றாட்டை இனவாதியென்றே கண்டித்தார். அக்கண்டனம் ஆசிரியரின் மனச்சாய்வை மட்டுமன்றி முறையின் எல்லையையும் தொடுகிறது என்பதே எமது கருத்து. யாருடைய கண் என்ற வினாவை அம்முறை தானாக எழுப்புவதில்லை. அச்செபேயின் 'சிதைவுகள்' (1958) நாவலில் அபாமே ஊரார் முதன்முதலாகக் காணும் வெள்ளையன் ஓர் இரும்புக் குதிரையில் வருகிறான். அது ஓடிப்போய் அவனுடைய கூட்டாளிகளை அழைத்துவிடுமென அஞ்சி, அவனைக் கொன்றபின் அதனைப் புனித மரத்திற் கட்டிவைக்கின்றனர். துவிச்சக்கர வண்டி என்னும் பெயரை அவர்கள் அறியார். அதனை இட்டுக்கொள்பவர்கள் நாமே.