எண்ணிக்கையா? எண்ணமா?

செம்பட்டியிலே சாலைகள் கூடுகின்றன. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு நோக்கி விரையும் சாலையும், ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் சாலையும் அங்கே கைகுலுக்கிக் கொள்கின்றன. பேருந்துக்குக் காத்திருக்கும் உழவரின் உதட்டிலே காய்கறி விற்ற கணக்கு. சின்னாளபட்டிச் சேலையைச் சுமந்து விற்பவரின் பையிலே கடன் கணக்கு. கணக்கின்றிக் காலந்தள்ள அங்கே எவராலும் இயலாது. அந்த ஊரிலேதான் இளந்தோழர் ஒருவரின் திரைப்படக் கணக்கை நாம் கண்டோம்.

ஒரு சிறு குறிப்பேடு. ஓராண்டிலே பார்த்த படங்கள் அத்தனையும் வரிசையாக இருந்தன. பார்த்த நாள், படத்தின் பெயர், நாயகனின் பெயர், அரங்கின் பெயர். கடைசிப் பக்கத்திலே சிவப்பு மையால் ஒரு கூட்டுத்தொகை: 87.

"போன வருசத்தைவிடப் பன்னிரண்டு அதிகம், அண்ணே!" என்றார் தோழர். முகத்திலே வெற்றிப் புன்னகை.

"மகிழ்ச்சி, தம்பி! இந்த 87-இல் உன்னை மாற்றியது எது? உன்னை ஏமாற்றியது எது?" என்று கேட்டோம்.

தோழர் ஏட்டைப் புரட்டினார். மீண்டும் புரட்டினார். விடை அதிலே இல்லை.

இது அவர் ஒருவரின் குறையன்று. இன்று கைப்பேசியிலே பட்டியல் போட்டு, ஆண்டு முடிவிலே எண்ணிக்கை காட்டி மகிழும் இளைஞர் பல்லாயிரவர். ஸ்ரீராமஜெயம் என்று 1,008 முறை எழுதி முடித்தேன் எனப் பூரிக்கும் பக்தரிடம் நாம் என்ன கேட்கிறோம்? எழுதியதால் விளைந்தது என்ன, உன் அறிவிலே ஓர் அங்குலமேனும் உயர்ந்ததா என்றுதானே கேட்கிறோம்! அதே கேள்வியை 87 படங்கள் என்று எழுதியவரிடமும் கேட்க வேண்டாமா? எண்ணிக்கையை எண்ணி மகிழ்வது பக்தி. எண்ணத்தை எடைபோட்டுப் பார்ப்பது பகுத்தறிவு. கோயிற் சிலைக்குப் பால் ஊற்றுவதைக் கேலி செய்துவிட்டு, நடிகரின் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவோரை நாம் பார்க்கவில்லையா? குடம் அதேதான், சிலைதான் மாறியிருக்கிறது!

அப்படியானால் ஏடே வேண்டாமென்கிறோமா? இல்லை, தோழர்களே, இல்லை! ஏடு எழுதுவது நம் மரபு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியிலே துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததையும் எழுதினார், கவர்னர் சினந்ததையும் எழுதினார். அரசர்களின் மெய்க்கீர்த்தி சொல்லாததை ஒரு தனிமனிதரின் தமிழ் ஏடு சொல்லிற்று.

ஆனந்தரங்கர் அரசியலுக்குச் செய்ததைத் திரையுலகுக்குச் செய்தவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்தின் வழியே தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் எனப் பெயர் பெற்றவர். வந்த படம் ஒவ்வொன்றையும் பற்றிய விவரத்தை எழுதி வைத்தார். பாட்டுப் புத்தகம், நிழற்படம், விளம்பரம் எனத் திரட்டினார். கோடிகளைக் கொட்டிப் படமெடுத்த முதலாளிகள் வைத்துக்கொள்ளாத வரலாற்றை, ஒற்றை மனிதர் தம் வீட்டிலே வைத்துக் காத்தார். பின்னர் தமிழ்நாடு அரசு அத்தொகுப்பை வாங்கியது. 2004-இல் அவருடைய பெருநூல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' வெளிவந்தது. 2016-இல் அவர் மறைந்தார். அவர் எழுதிய ஏடு மறையவில்லை.

ஏட்டின் அருமை எத்தகையது? தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. டி.பி.ராஜலட்சுமி அதிலே நடித்தார் என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? அன்றைய விளம்பரமும் விமர்சனமும் பாட்டுப் புத்தகமும் சொல்ல அறிகிறோம். படச்சுருள் அழிந்தது, தாள் நின்றது!

ஆயினும் ஒன்று குறைகிறது. எந்தப் படத்தை யார் எடுத்தார், யார் நடித்தார் என்பதை ஆனந்தனின் ஏடு சொல்லும். படம் பார்த்தவன் மனத்திலே என்ன நடந்தது என்பதை எந்த ஏடு சொல்லும்? 1952 அக்டோபர் 17-இல் 'பராசக்தி' வெளிவந்தது. தடை செய்க என்று கூக்குரலிட்டோர் இருந்தனர். அவர்கள் குரல் பதிவாகியிருக்கிறது. அதன் வசனத்தை மனப்பாடம் செய்து தெருவெங்கும் முழங்கிய இளைஞர் எத்தனை பேர்! அவர்களுள் எத்தனை பேர் அன்றிரவு வீடு திரும்பி, எது என்னை உலுக்கிற்று, ஏன் உலுக்கிற்று என நான்கு வரி எழுதினர்? கைதட்டல் காற்றோடு போயிற்று. எதிர்ப்பு ஏட்டிலே நின்றது.

திண்டுக்கல் சீமையிலே நின்று இதைப் பேசுகையில் 1973-ஐ மறக்கலாமா? அவ்வாண்டு மே 11-இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' திரைக்கு வந்தது. மே 20-இல் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். முந்திய அக்டோபரிலே எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி, மாயத்தேவரை நிறுத்தி வென்றது. படம் பார்த்து மயங்கி வாக்களித்தனர் என்று மக்களை இழித்துரைக்க நாம் ஒருப்படோம். ஒரு தேர்தலின் முடிவுக்குக் காரணங்கள் பல. எனினும் கொட்டகைக்கும் வாக்குச்சாவடிக்கும் இடையே ஒன்பதே நாள் இருந்த அந்தப் பொழுதிலே, பார்த்தவர் உள்ளம் எதை எண்ணிற்று? பார்த்தவர்களே எழுதிய நூறு குறிப்பேடுகள் இருந்திருந்தால், ஆராய்ச்சியாளர் ஊகத்தை நம்பி நாம் இருக்க வேண்டியதில்லை.

சமுதாயத்தைப் பற்றிய நோய்களுள் ஒன்றாகச் சினிமாவைக் கருதினார் பெரியார். அதையே கருவியாக எடுத்து 1949-இல் 'நல்லதம்பி'யும் 'வேலைக்காரி'யும் தந்தார் அண்ணா. நோய் என்றாலும் கருவி என்றாலும், அது மனத்தைத் தொடும் என்பதிலே இருவரும் ஒன்றுபட்டனர். மனத்தைத் தொடுவதற்குக் கணக்கு வேண்டாமா?

கணக்கு என்றால் நம்மவர் கணக்கும் சேர்த்துத்தான்! 1954-இன் 'ரத்தக்கண்ணீர்' படத்தை எடுத்துக் கொள்வோம். எம்.ஆர்.ராதாவின் நையாண்டி மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறித்தது. தன் மனைவிக்கு மறுமணம் செய்து வைக்கிறான் நாயகன், எத்துணைப் புரட்சி! வரவுப் பக்கத்திலே தயங்காமல் எழுதுவோம். ஆனால் அவன் ஒழுக்கக்கேட்டுக்குத் தண்டனையாகத் தொழுநோய் வருகிறதே, அதை எந்தப் பக்கத்திலே எழுதுவது? தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. 1873-இலேயே ஆன்சன் அதைக் கண்டார். பாவத்தின் சம்பளம் நோய் என்பது புராணக்காரரின் பேச்சல்லவா? தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக்கிய சட்ட விதிகள் 2019-இலேதான் நீக்கப்பட்டன என்றால், அந்தப் பழியின் வேர் எத்துணை ஆழம்! பற்றின் காரணமாக இந்தச் செலவை மறைத்தால் நம் ஏடும் தல புராணமாகிவிடும்.

ஆகவே செம்பட்டித் தோழருக்கும் அவரைப் போன்றோருக்கும் ஐந்து கேள்விகள் தருகிறோம். ஒவ்வொரு படத்துக்கும் அரைப் பக்கம் போதும்.

இந்தப் படத்துக்குச் செலவிட்ட பணம், எத்தனை மணி நேர உழைப்பின் கூலி?

எவரைக் காட்டிச் சிரிக்க வைத்தனர்? கறுத்தவரையா, பருத்தவரையா, ஏழையையா?

படத்திலே வரும் பெண், தானே எடுத்த முடிவு ஒன்றேனும் உண்டா?

சிக்கலை அவிழ்த்தது எது? அறிவா, அற்புதமா, நாயகனின் முட்டியா?

ஐந்தாவது கேள்வியை ஓராண்டு கழித்துக் கேட்க வேண்டும். அன்று நான் எழுதிய தீர்ப்பு இன்றும் சரிதானா? தவறெனின் அடித்துவிடாதே, பக்கத்திலே திருத்தி எழுது. அடித்தால் வெட்கம் மறையும். திருத்தினால் வளர்ச்சி தெரியும்.

இவ்வாறு எழுதத் தொடங்கினால் 87 என்பது 30 ஆகலாம். ஆகட்டும்! விழுங்கிய கவளத்தை எண்ணுபவன் பெருந்தீனிக்காரன். உடலிலே ஒட்டியது எவ்வளவு என்று பார்ப்பவன் அறிவாளி.

பேருந்து வந்தது. விடைபெறும்போது தோழர் தம் ஏட்டின் கடைசிப் பக்கத்தை மீண்டும் திறந்தார். சிவப்பு மையால் எழுதிய 87-இன் கீழே, சிறிய எழுத்திலே ஒரு சொல் எழுதிக் காட்டினார்: "ஏன்?"

அந்த ஏட்டின் முதல் விமர்சனம் அதுதான். தொடரட்டும்!