பேயும் கேள்விக்குறியும்

பேய் பிசாசு இல்லை என்பது என் அபிப்பிராயம். அபிப்பிராயம் என்று சொல்வதுகூட ஒரு அடக்கத்துக்காகத்தான். இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இருந்தும், பாழடைந்த பங்களாவுக்குள் டார்ச் விளக்கோடு நுழைகிறவர்களை டெலிவிஷனில் காட்டினால் எழுந்து போக எனக்கு மனம் வருவதில்லை. விஜய் டி.வி.யின் 'நடந்தது என்ன?', ஜீ தமிழின் 'நம்பினால் நம்புங்கள்' என்று அந்த ஜாதி நிகழ்ச்சிகளில் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். யாராவது வந்துவிட்டால் செய்திக்கு மாற்றிவிடுவதும் உண்டு. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கம்பம் பள்ளத்தாக்கில் குடியிருக்கிறவனுக்கு இந்த நிகழ்ச்சிகள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ருசிக்கும். ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக இறங்குகிற காற்று தகரத்தையும் ஓட்டையும் உலுக்கி எடுக்கும். திரையில் கதவு கிரீச்சிடுகிறதா, நம் வீட்டுக் கொல்லைக் கதவா என்று தெரியாது. சரியான கட்டத்தில் மின்சாரமும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். மறுநாள் டீக்கடையில் அதுதான் பேச்சு. "ஏந் தம்பி, நெசமாவே பேய் வந்துச்சுன்னா இவனுக மைக்குல பேசிக்கிட்டா நிப்பானுக? போட்டது போட்டபடி ஓடிற மாட்டானுக?" என்று ஒரு பெரியவர் கேட்டார். இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. அவரும் ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கிறவர்தான்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் ரசிப்பது அந்த நிகழ்ச்சிகளின் உத்தியை. பேயைக் காட்டவே மாட்டார்கள். காட்டப் போவதாகக் காட்டிக்கொண்டேயிருப்பார்கள். இருட்டில் படமெடுக்கும் காமிராவில் மனிதக் கண்கள் வெள்ளையாகப் பளபளக்கும். பேயைத் தேடிப் போகிறவனே பேய் மாதிரி இருப்பான். லென்ஸுக்கு வெகு அருகில் பறக்கும் தூசியில் வெளிச்சம் பட்டால் அது உருண்டையாக மிதக்கும். அதற்கு 'ஆவி ஒளி' என்று பெயர். மின்காந்த அலையை அளக்கும் கருவி ஒன்று கையில் இருக்கும். சுவருக்குள் ஓடும் ஒயர் அருகே போனாலே அது கத்தும். அதன் உண்மையான உத்தியோகமே அதுதான். இதற்கெல்லாம் மேல் பின்னணி வயலின். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் நாலு பேர் இருட்டில் வழி தெரியாமல் தடுமாறுகிற காட்சிதான் மிஞ்சும்.

வெளிநாட்டுக்காரர்களும் நமக்கு இளைத்தவர்கள் அல்ல. பிரிட்டனில் 2002-ல் தொடங்கிய 'மோஸ்ட் ஹான்டட்' நிகழ்ச்சியில் டெரெக் அக்கோரா என்பவர் மேல் ஆவிகள் வந்து பேசும். அதே குழுவிலிருந்த மனோதத்துவ ஆராய்ச்சியாளர் கியாரன் ஓ'கீஃப், கிரீட் கேஃபர் என்று இல்லாத ஒரு ஆசாமியைச் சிருஷ்டித்து, அந்தப் பெயர் அக்கோராவின் காதில் விழும்படி செய்தார். படப்பிடிப்பில் கிரீட் கேஃபர் வந்தே விட்டார்! அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துக்களை மாற்றிப் போட்டால் 'டெரெக் போலி' என்று அர்த்தம் வரும். 2005-ல் விஷயம் அம்பலமாயிற்று. ஒளிபரப்பை மேற்பார்க்கும் ஆஃப்காம் அமைப்பு விசாரித்து, இது வெறும் பொழுதுபோக்கு, ஆராய்ச்சியல்ல என்று தீர்ப்பளித்தது. நிகழ்ச்சி தொடர்ந்து நடந்தது. ஜனங்கள் பார்த்தார்கள். நானாயிருந்தாலும் பார்த்திருப்பேன்.

உண்மையில் துப்புத் துலக்கினவர் ஒருவர் நமக்கு வெகு அருகில் இருந்தார். கேரளத்தில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக வேலை பார்த்த ஆபிரகாம் கோவூர், பேய் வீடுகளுக்கும் பேய் பிடித்தவர்களிடத்துக்கும் நேரே போவார். கல் விழுகிறது, துணி எரிகிறது என்றால் யார் எறிகிறார்கள், யார் கொளுத்துகிறார்கள் என்று பார்ப்பார். பெரும்பாலும் அந்த வீட்டிலேயே மனம் நொந்துபோன ஒரு ஜீவன் இருக்கும். மோசடியில்லாமல் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-ல் அறிவித்தார். 1978-ல் அவர் காலமாகும் வரையில் அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. அவர் கண்ட ஒரு சம்பவத்தை வைத்து 1973-ல் 'மறுபிறவி' என்று தமிழில் படமும் வந்தது. கோவூரின் விசாரணையில் கடைசிப் பக்கம் இருக்கும். டெலிவிஷன்காரர்கள் அதைக் கிழித்துவிட்டுத்தான் புஸ்தகத்தையே நம்மிடம் கொடுக்கிறார்கள்.

கிழிப்பதற்குக் காரணம் உண்டு. மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பக் கூடாது என்று 1994-ம் வருஷத்துக் கேபிள் டெலிவிஷன் விதிகளில் இருக்கிறது. பேய் உண்டு என்று சொன்னால் விதி இடிக்கும். இல்லை என்று சொன்னால் அடுத்த வாரம் ஆள் வராது. ஆகவே தலைப்பிலும் முடிவிலும் ஒரு கேள்விக்குறி. "முடிவு உங்கள் கையில்!" தமிழில் இவ்வளவு சம்பாதித்த நிறுத்தக்குறி வேறில்லை.

முடிவு சொல்லிவிட்டால் சுவை கெட்டுவிடும் என்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. 1990-களின் பிற்பகுதியில் சன் டி.வி.யில் வந்த மர்மதேசத் தொடரின் 'விடாது கருப்பு', குதிரையேறி வந்து தண்டிக்கும் தெய்வத்தைக் காட்டி ஊரையே உறையவைத்தது. அதன் விடையைப் பிளவுபட்ட மனித மனத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். விடை தெரிந்த பிறகும் அதை மறுபடி பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எந்தச் சாவு பேயாகிறது என்பதையும் கவனித்து வருகிறேன். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த 1895-க்குள் காட்டுக் காய்ச்சலிலும் விபத்திலும் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். அணைக்குப் பக்கத்தில் கல்லறைகள் இருக்கின்றன. கட்டிய பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. ஊர் ஊராகப் பொங்கல் வைக்கிறோம். செத்த கூலிகளில் ஒருவர்கூடப் பேயாக வந்ததாக நான் கேட்டதில்லை. பேயாக வருகிறவள் எப்போதும் கிணற்றில் விழுந்த பெண். வயது இருபதுக்குள்ளே, மிஞ்சினால் இருபத்தைந்து.

சில மாதங்களுக்கு முன் பார்த்த நிகழ்ச்சியிலும் அப்படித்தான். ஏதோ ஒரு கிராமம், ஏதோ ஒரு கிணறு. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் "மர்மமான முறையில்" இறந்தாள் என்று அறிவிப்பாளர் சொன்னார். அதற்கு அரை நிமிஷம். அவள் அமாவாசையில் அழுகிறாள் என்பதற்கு இருபது நிமிஷம். கல்யாணமான ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கு இடமாகச் செத்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். விசாரித்தாரா, என்ன எழுதினார், புருஷன் இப்போது எங்கே இருக்கிறான்? 'நடந்தது என்ன' என்று கேட்பதானால் கேட்க வேண்டியது இதைத்தான். பேய் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் ஊருக்கு அந்தக் கேள்வியிலிருந்து விடுதலை. பயம் இருக்கிற இடத்தில் வெட்கம் தேவைப்படுவதில்லை.

கிணற்று மேட்டில் கூடியிருந்தவர்களை ஒரு தரம் காமிரா சுற்றி வந்தது. ஓரத்தில் ஒரு கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தாயாராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியாகவும் இருக்கலாம். மைக் அவள் பக்கம் திரும்பவில்லை. பச்சை இருட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். கடைசியில் அடுத்த வாரத்துக்கு முன்னோட்டம் போட்டார்கள்: மூடிக் கிடக்கிற ஒரு பஞ்சாலை, மாடியில் வளையல் சத்தம். இரவு பத்து மணிக்கு என்று சொன்னதாக ஞாபகம்.