கல்லாறு வாசலில் ஒரு படிவம்

மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும் வண்டிகள் கல்லாறு சோதனைச்சாவடியில் நிற்கின்றன. ஓட்டுநர் கைபேசியை நீட்டுகிறார். இ-பாஸில் உள்ள கியூஆர் குறியீட்டைச் சரிபார்த்த பிறகு வண்டி நகர்கிறது. 2024 ஏப்ரல் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. இடையில் இருந்தது எட்டே நாள். அதற்குள் ஓர் இணையச் சேவையை எழுப்ப முடிந்ததென்றால், அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது என்று பொருள். 2020 பெருந்தொற்றில் மாவட்டம் விட்டு மாவட்டம் போகத் தமிழகம் கையாண்ட முறைதான் இது: கைபேசி எண், ஓடிபி, விவரப் படிவம், குறியீட்டுடன் கூடிய சீட்டு.

ஒரு சிக்கலுக்குக் கண்ட விடையை எடுத்து, அதுபோன்ற இன்னொரு சிக்கலுக்குப் பொருத்துவதை மென்பொருள் துறையில் ‘டிசைன் பேட்டர்ன்’ என்கிறார்கள். வடிவமைப்பு வார்ப்பு என்று நாம் சொல்லலாம். இந்தக் கருத்து கட்டடக்கலையில் பிறந்தது. கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவர் தோழர்களும் 1977இல் வெளியிட்ட ‘எ பேட்டர்ன் லாங்வேஜ்’ நூலில் 253 வார்ப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் எந்தச் சூழலில், எந்தச் சிக்கலுக்கு, என்ன தீர்வு என்று பேசும். நன்கு உறுதிப்பட்ட வார்ப்புக்கு இரண்டு நட்சத்திரக் குறி, ஓரளவு நம்பத்தக்கதற்கு ஒன்று, இன்னும் ஐயமுள்ளதற்கு எதுவுமில்லை. தங்கள் விடையை எவ்வளவு நம்பலாம் என்பதையும் வாசகருக்குச் சொன்ன அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். இணையத்தில் இன்று புழங்கும் வார்ப்புகளில் பெரும்பாலும் தொலைந்துபோனது அதுதான்.

வார்ப்பின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ரயில் சீட்டு, சமையல் எரிவாயு, வங்கி என்று ஓடிபிக்குப் பழகிய விரல்களுக்கு இ-பாஸ் படிவம் புதிர் இல்லை. தளத்துக்குத் தளம் புதுப் பாடம் படிக்க வேண்டியதில்லை என்பதே பயனருக்குக் கிடைக்கும் முதல் நன்மை. அரசுக்கோ காலமும் பணமும் மிச்சம். கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்கு வருவதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட நிலையில், சாலையும் காடும் எவ்வளவு தாங்கும் என்று ஆராயத் துல்லியமான கணக்கு தேவைப்பட்டது. அந்தக் கணக்கைத் தொடங்க ஒரு சீசன் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

பழுது தொடங்குவதும் இங்கேதான். 2020இல் கேட்கப்பட்ட கேள்வி “நீ ஏன் போகிறாய்?” என்பது. ஊரடங்கில் அதற்கு நியாயம் இருந்தது. 2024இல் தெரிய வேண்டியிருந்தது வண்டிகளின் எண்ணிக்கை. விண்ணப்பித்த அனைவருக்கும் பாஸ் கிடைத்தது. ஆனால் பெயரும் படிவமும் சாவடியும் அனுமதி கேட்கும் தோற்றத்தையே தந்தன. பதிவேடு கதவின் வேடம் போட்டுக்கொண்டது. பிறகு 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வந்தது. பதிவேடு உண்மையிலேயே கதவானது. பெயர் மட்டும் அதே இ-பாஸ். மறுநாள் ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைத்தார்கள். பிழைப்பு பற்றிய அச்சமே அதற்குக் காரணம். ஆனால் எண்ணுவதற்கும் தடுப்பதற்கும் ஒரே முகம் இருக்கும்போது அந்த அச்சம் வளரத்தான் செய்யும்.

எண்ணுவதற்கு ஒரு படிவம் போதும். வரம்பு வைப்பதற்குத் தேவை நாட்காட்டி. எந்த நாளில் எத்தனை இடம் மீதம், இடம் இல்லையென்றால் அடுத்து எப்போது, வண்டியை விட்டுவிட்டு அரசுப் பேருந்திலோ மலை ரயிலிலோ வரலாமா என்பதெல்லாம் கண்ணில் பட வேண்டும். உள்ளூர்வாசி யார் என்ற கேள்விக்கும் இப்படிப் பொருந்தாத விடையே தரப்பட்டது. நீலகிரியின் டிஎன் 43 பதிவெண்ணுக்கு விலக்கு என்பது எளிய விதி. கோயம்புத்தூரில் வாங்கிய வண்டியோடு கோத்தகிரியில் வாழும் குடும்பம், தான் இந்த மலையைச் சேர்ந்தது என்று ஆவணம் காட்டி நிறுவ வேண்டியிருந்தது. வாழ்வைப் பதிவெண்ணால் அளந்ததன் விளைவு அது.

இந்த மலைக்கு வார்ப்பு புதிதல்ல. மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, புல் வேய்ந்து தோடர் பழங்குடியினர் எழுப்பும் அரைவட்டக் குடிசை ஒரு வார்ப்பு. தவழ்ந்து நுழையும் அதன் சிறு வாசல் குளிருக்கும் விலங்குக்கும் சொன்ன பதில். தேயிலைத் தோட்டத்து லைன் வீடும் ஒரு வார்ப்பு. ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட அறைகளின் வரிசை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களின் லயங்களை (லைன் வீடுகளை) விட்டு இந்தியா வந்தவர்களில் பலருக்கு நீலகிரியிலும் கிடைத்தது லைன் வீடுதான். முதலாவதில் வரைந்தவரும் வாழ்ந்தவரும் ஒருவரே. இரண்டாவதை வரைந்தவர் அதில் ஓர் இரவும் தூங்கியதில்லை. நல்ல வார்ப்பையும் கெட்ட வார்ப்பையும் பிரித்தறிய இதைவிடத் தெளிவான உரைகல் எனக்குத் தெரியவில்லை.

இணையத்திலும் இந்த உரைகல் செல்லும். நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995இல் உலகின் முதல் விக்கியைத் தொடங்கியது, நிரலாளர்கள் தங்கள் வார்ப்புகளைச் சேர்ந்து எழுதித் திருத்திக்கொள்வதற்காகத்தான். பயன்படுத்துபவரே திருத்தும் ஏற்பாடு வார்ப்போடு சேர்ந்தே வளர்ந்தது. பிரிட்டன் அரசின் வடிவமைப்புத் தொகுப்பு இன்றும் ஒவ்வொரு வார்ப்பையும் பற்றிய விவாதத்தைப் பொதுவில் வைத்திருக்கிறது. இ-பாஸுக்கும் அப்படியொரு திறந்த குறிப்பேடு வேண்டும். பர்லியாறு வளைவில் சிக்னல் இழந்த வேன் ஓட்டுநரும், முன்பதிவு ரத்தான விடுதிக்காரரும், வண்டிகளை நிறுத்திக் கேட்கும் சாவடி ஊழியரும் அதில் எழுத வேண்டும்.

அலெக்சாண்டரின் குறியை நான் இடுவதென்றால், வண்டிகளை எண்ணும் நோக்கத்துக்கு இரண்டு நட்சத்திரம். ஓடிபிக்கு ஒன்றுதான், ஏனென்றால் கைபேசியும் சிக்னலும் எல்லோரிடமும் இருக்கும் என்று அது நம்புகிறது. பதிவெண்ணை வைத்து மலைவாசியை அடையாளம் காணும் விதிக்கு ஒன்றுமில்லை. அடுத்த சீசனுக்கு முன் திருத்த வேண்டியது அதுதான்.