ஸ்காண்டிநேவிய நாட்டிசை: சம்பிரதாயங்களும் அளவுகோல்களும்

ஸ்காண்டிநேவிய தேசங்களிலிருந்து ஒரு நாட்டிசைக் குழு பிரயாணப்பட்டு வந்து, அந்நிய நகரம் ஒன்றில் ஓர் இரவு கச்சேரி செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுப் போன பிறகு, அதைக் கேட்ட ரசிகர்களுக்குள்ளே எழுகின்ற சர்ச்சை பல நாட்கள் ஓயாமல் நடப்பது அந்த இசையின் உலகத்தில் சர்வ சாதாரணமான விஷயம். தாளவாத்தியக்காரர் கூட இருந்தபோது இருந்த விறுவிறுப்பு இப்போது இல்லை என்பார் ஒருவர். அவர் இல்லாத பிறகுதான் தந்திகளின் நாதம் காதில் விழுகிறது என்பார் மற்றொருவர். இசைத்தட்டில் இருந்த நிதானம் மேடையில் இல்லை, காலப்பிரமாணம் ஓடிவிட்டது என்று குறைப்படுவார் ஒருவர். நாற்காலிகளை நிரப்பி வைத்து ஆடுவதற்கு இடமில்லாமல் செய்துவிட்டார்களே என்று நிர்வாகிகளை நொந்துகொள்வார் இன்னொருவர். மேலெழுந்தவாரியாகப் பார்க்கிறவர்களுக்கு இவையெல்லாம் வெறும் ருசிபேதமாகவே தோன்றும். ஆனால் அந்த நாடுகளின் இசைச் சரித்திரத்தைச் சற்று அறிந்தவர்களுக்கு, இந்த அபிப்பிராயங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பழைய சம்பிரதாயமும், அது வகுத்து வைத்த ஓர் அளவுகோலும் நிற்பது புலப்படும். அந்தச் சம்பிரதாயங்களை வரிசையாகப் பார்த்துவிட்டால், கச்சேரியைப் பற்றிய வழக்குக்கும் ஒருவாறு தீர்ப்புச் சொல்லலாம்.

முதலில் நார்வே. அந்நாட்டின் மேற்குக் கரையிலும் டெலிமார்க், செட்டெஸ்டால், வால்டிரஸ் முதலிய உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலும் வழங்கிவருவது ஹார்டாங்கர் பிடில். சாதாரணப் பிடிலைப் போலவே நான்கு தந்திகளின்மேல் வில்லை ஓட்டினாலும், அவற்றின் அடியில் நான்கு அல்லது ஐந்து அனுநாதத் தந்திகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வில் அவற்றைத் தீண்டுவதில்லை, மேல்தந்தியின் அதிர்விலே அவை தாமாகவே ஒலித்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு மெல்லிய ரீங்காரத்தால் சூழ்ந்துகொள்ளும். உடல் முழுவதும் மசியால் வரைந்த பூங்கொடிகள், முத்துச்சிப்பி பதித்த விரல் பலகை, கழுத்தின் நுனியில் சிங்கத்தின் தலையோ கன்னிப் பெண்ணின் தலையோ என்று அலங்கரிக்கப்பட்ட இந்த வாத்தியத்தில், இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையதாக மதிக்கப்படுவது 1651ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட யோஸ்டாட் பிடில். வாசிக்கும் உருப்படிக்குத் தக்கபடி சுருதியமைப்பையே மாற்றிக்கொள்வது இதன் வழக்கம். ஆகையால் இரண்டு உருப்படிகளுக்கு நடுவே வித்வான் முறுக்காணிகளோடு போராடிக்கொண்டிருப்பதைக் கண்டு புதிய ரசிகர் பொறுமை இழப்பார், பழைய ரசிகரோ வரப்போகும் உருப்படி எந்த ஜாதியைச் சேர்ந்தது என்று அப்போதே ஊகிக்கத் தொடங்கிவிடுவார்.

நார்வேயின் பள்ளத்தாக்குகளைப் பிரித்துக் காட்டுவது வாத்தியத்தைவிட நடைதான். ஸ்பிரிங்கார் என்னும் நடன உருப்படி மூன்று அட்சரம் கொண்டது. ஆனால் அந்த மூன்றும் சமமான அட்சரங்கள் அல்ல. டெலிமார்க்கிலே முதல் அட்சரம் நீண்டு மூன்றாவது குறுகும்; வால்டிரஸிலே முதலாவது குறுகி இரண்டாவது நீளும். இந்த ஏற்றத்தாழ்வை ஏட்டில் எழுதிக் காட்டுவது கடினம், ஆடுகிறவனின் காலோ அதைத் தவறாமல் அறியும். இத்தகைய பிராந்திய சுத்தத்தைக் காப்பதற்கென்றே அங்கே போட்டிகள் ஏற்பட்டன. 1888இல் டெலிமார்க்கின் பூ என்னும் ஊரிலும், பின்னர் 1896இல் தேசமளாவிய அளவில் பெர்கனிலும் தொடங்கிய அந்தப் போட்டி முறை இன்றளவும் நடந்துவருகிறது. நடுவர்கள் புள்ளியிட்டுத் தரம் பிரிக்கிறார்கள். நடுவர் முன்னே வாசித்துத் தேறியவர்களின் இசையைக் கேட்டு வளர்ந்த ரசிகர், அயலூர் மேடையில் ஒரு குழு ஸ்பிரிங்காரைச் சமமான மூன்று அட்சரமாக வாசித்துவிட்டால் அதை மன்னிப்பதே இல்லை.

கிராமத்துப் பிடில் சபை ஏறிய கதையும் நார்வேயில்தான் சுவாரஸ்யமானது. டெலிமார்க்கில் 1801இல் பிறந்த தோர்கெய்ர் அவுகுன்ட்சன் என்பவர், ஆலைக்காரரின் மகனானதால் மில்லர்கூட்டன் என்ற பெயரால் பிரசித்தி பெற்றவர்; நீர்வீழ்ச்சியில் வாழும் பூதத்திடம் வித்தை கற்றவர் என்று ஜனங்கள் அவரைப் பற்றிக் கதை கட்டும் அளவுக்கு அவருடைய வில் பேசியது. ஐரோப்பா முழுவதும் புகழ் பரப்பிய பிடில் மேதை ஓலே புல், 1849 ஜனவரியில் அவரைத் தலைநகரான கிறிஸ்டியானியாவுக்கு அழைத்துவந்து மேடையில் ஏற்றினார். கல்யாண வீடுகளில் ஆடுகிறவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த இசை, அசையாமல் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கும் வாசிக்கத் தகுந்தது என்று அன்று நிலைநாட்டப்பட்டது. ஆடவா, கேட்கவா என்ற விவாதத்தின் வித்தும் அன்றே விழுந்துவிட்டது. மில்லர்கூட்டனிடம் பாடம் கேட்ட க்னூட் டாலே என்னும் முதியவரின் உருப்படிகளை 1901இல் யோஹான் ஹால்வோர்சன் எழுதியெடுக்க, அவற்றைப் பியானோவுக்கு அமைத்து எட்வர்ட் கிரீக் தம்முடைய 72ஆவது படைப்பாக வெளியிட்டார். நாட்டிசையை வேறு வாத்தியத்துக்கு மாற்றலாமா என்று இன்று குழுக்களைப் பற்றிக் கேட்கப்படும் கேள்வி அக்காலத்திலேயே கேட்கப்பட்டதுதான்.

இந்த இசைக்கு நேர்ந்த பெரிய ஆபத்து விமர்சகர்களால் வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வேயிலும் ஸ்வீடனிலும் பரவிய கடுமையான மத எழுச்சி இயக்கங்கள், குடிக்கும் கூத்துக்கும் துணைபோகிற சாத்தானின் கருவி என்று பிடிலைச் சபித்தன; மனம் மாறிய வித்வான்களில் பலர் தங்கள் வாத்தியங்களை நெருப்பிலிட்டார்கள். அதே காலத்தில் பஞ்சத்தாலும் நிலமின்மையாலும் லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஊரில் எஞ்சியவர்களிடையே அக்கார்டியன் வந்து பழைய நடைகளைச் சமப்படுத்தத் தொடங்கியது. ஒரு சம்பிரதாயம் அழிவதற்கு இதைவிட வேறு காரணங்கள் வேண்டியதில்லை.

ஸ்வீடனிலே அந்த அழிவைத் தடுக்க முன்வந்தவர்களுள் தலையாயவர் சங்கீத வித்வான் அல்லர், ஓவியர். ஆண்டர்ஸ் சோர்ன் தம் பிறந்த மாகாணமான டாலர்னாவில், சில்யான் ஏரிக்கரையிலுள்ள கெசுண்டாவில் 1906ஆம் ஆண்டு பழைய உருப்படிகளை வாசிக்கிறவர்களுக்கென ஒரு போட்டியை நடத்தினார். 1910இல் ஸ்டாக்ஹோம் நகரத்து ஸ்கான்செனில் தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் வித்வான்கள் கூடியபோது, அவர் வடித்த சின்னம் அவர்களுக்கு வழங்கப்பட்டது. அந்தச் சின்னமே பிற்காலத்தில் தேர்வில் தேறியவர்களுக்கு உரியதாயிற்று; இன்றும் நடுவர் குழுவின் முன் வாசித்து வெள்ளிச் சின்னம் பெறுகிறவர் தேசிய வித்வான் என்ற பட்டத்துக்கு உரியவராகிறார். அதோடு நீல்ஸ் ஆண்டர்சன் ஊர் ஊராகத் திரட்டத் தொடங்கிய உருப்படிகள், அவர் காலத்துக்குப் பின்னும் தொடர்ந்து, 1922 முதல் 1940 வரை 'ஸ்வென்ஸ்கா லோட்டார்' என்னும் 24 தொகுதிகளாக அச்சேறின.

ஸ்வீடனின் பிரதான நடனமான போல்ஸ்காவும் மூன்று அட்சரம் கொண்டதே. இதிலும் மாகாணத்துக்கு மாகாணம் நடை வேறுபடும். மேற்கு எல்லைப்புறங்களில் முதல் அட்சரத்தைக் குறுக்கி இரண்டாவதற்குச் சீக்கிரமே வந்துவிடுவார்கள். மற்றும் சில இடங்களில் பதினாறில் ஒரு பங்கு ஸ்வரங்கள் இடைவிடாமல் சமமாக ஓடும். பொதுவாக முதல் அட்சரத்திலும் மூன்றாவதிலும் குதிகால் தரையைத் தட்டும், இரண்டாவதிலோ, ஊஞ்சல் உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று இறங்குவதுபோல, உடல் மிதந்து இறங்கும். உருப்படியை இயற்றியவர் பெயரால் அன்றி, யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரால் சுட்டுவது அங்குள்ள மரியாதை. பிங்ஷோ கிராமத்து யோர்ட் ஆண்டர்ஸ் வழி வந்தது, உப்லாந்தின் பிஸ்-கல்லெ வழி வந்தது என்று மேடையில் சொல்லிவிட்டுத்தான் வில்லைத் தூக்குவார்கள். கச்சேரியின் நடுவே இத்தனை பேச்சு எதற்கு என்று அலுத்துக்கொள்கிற ரசிகர் இதை அறிய வேண்டும்: அந்தப் பேச்சு பாடாந்தரத்தின் வம்சாவளி. 1969 முதல் ஜூலை மாதத்து முதல் புதன்கிழமையில் பிங்ஷோவில் கூடும் பெருங்கூட்டத்தில், மேடையைவிடப் புல்தரையிலும் மரத்தடியிலும் நாலைந்து பேராகச் சேர்ந்து விடிய விடிய வாசிக்கும் சிறு வட்டங்களுக்கே மதிப்பு அதிகம்.

உப்லாந்து மாகாணத்தின் தனிச்செல்வம் நிக்கெல்ஹார்ப்பா. வில்லால் வாசிக்கப்படும் இவ்வாத்தியத்தில் விரல் தந்தியை அழுத்துவதில்லை. மரச் சாவிகள் அழுத்துகின்றன. இப்போது வழங்கும் உருவத்தில் மொத்தம் 16 தந்திகள், அவற்றுள் 12 அனுநாதத்துக்கே உரியவை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அருகிப்போயிருந்த இந்த வாத்தியத்துக்கு, வாசித்தும் செய்தும் கற்பித்தும் புத்துயிர் ஊட்டியவர் எரிக் சால்ஸ்ட்ரோம் (1912–1986). ஸ்வீடனுக்கு வெளியேயும் இத்தகைய காவல் உண்டு: டென்மார்க்கில் ஃபானோ தீவின் சோண்டர்ஹோ ஊர்க்காரர்கள் தங்களுக்கே உரிய நடனத்தையும் அதற்கான உருப்படிகளையும் காத்துவருகிறார்கள். அண்டை நாடான பின்லாந்தில் கௌஸ்டினென் கிராமத்துப் பிடில் வாசிப்பு 2021இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது.

பெரும்பாலும் தனி வாசிப்பைச் சார்ந்திருந்த இந்தச் சம்பிரதாயங்களிலிருந்து பிரயாணம் செய்யும் குழு எப்படிப் பிறந்தது? 1964இல் யான் யோஹான்சன் என்னும் பியானோ வித்வான், கேயோர்க் ரீடலின் பாஸ் துணையோடு ஸ்வீடிஷ் நாட்டு உருப்படிகளை ஜாஸ் முறையில் வாசித்து வெளியிட்ட தட்டு நகரத்து வீடுகளிலெல்லாம் புகுந்தது. எழுபதுகளில் இளைஞர்கள் திரள்திரளாகப் பிடில் பயின்றார்கள். எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் ஹெட்னிங்கார்னா, ஹூவன் துரூவன், கார்மார்னா ஆகிய குழுக்கள் மின்வாத்தியங்களின் முழக்கத்தையும் சேர்த்துக்கொண்டன. இதற்கு நேர்மாறாக, 1989இல் தோன்றிய வேசன் குழு வாத்தியங்களின் இயல்பான நாதத்தையே நம்பியது. ஓலோவ் யோஹான்சனின் நிக்கெல்ஹார்ப்பா, மிகாயேல் மாரினின் வியோலா, ரோஜர் தால்ரோட்டின் 12 தந்தி கிதார் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கவாத்தியமாகவும் பிரதான வாத்தியமாகவும் மாறி மாறி நின்றன. பின்னர் ஆந்திரே ஃபெராரியின் தாளவாத்தியமும் சேர்ந்தது. 2003இல் மறுபடியும் மூவராகவே ஒரு தட்டு வெளிவந்தது.

இத்தகைய குழுக்களுக்குக் கடல் கடந்து அமைந்த இரண்டாவது வீடு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ். ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் அடர்ந்து வாழ்ந்த சீடர் நிழற்சாலைப் பகுதியிலேயே அமைந்த சீடர் கலாசார மையத்தில், தொண்ணூறுகளின் இறுதி தொடங்கிப் பத்தாண்டுக் காலம் வடதேச இசைவிழா நடந்துவந்தது. வேசனின் மேடைக் கச்சேரித் தட்டு ஒன்று அந்த விழாவில் பதிவானதே. கப்பலேறிப் போனவர்களின் பேரன் பேத்திகளும், அந்த ரத்த சம்பந்தமே இல்லாதவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அத்தகைய சபைகளில்தான் நாம் முதலில் குறிப்பிட்ட சர்ச்சைகள் மிகுதி.

அவற்றை இப்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். தாளவாத்தியம் வேண்டுமா என்பது முதல் வழக்கு. பழைய வித்வானுக்குத் தாளவாத்தியம் அவருடைய குதிகால்தான். ஆகையால் முழவு அந்தக் குதிகாலின் வேலையைச் செய்து, மிதக்க வேண்டிய இரண்டாவது அட்சரத்தை மிதக்க விட்டால் குற்றமில்லை. மூன்றையும் சமமாக அறைந்தால் போல்ஸ்கா மறைந்து வெறும் ஆரவாரம் எஞ்சும். ஒலிபெருக்கி பற்றியது இரண்டாவது. அனுநாதத் தந்திகளின் ரீங்காரமே இவ்வாத்தியங்களின் ஜீவன் என்பதால், அதை விழுங்கிவிடும் அளவுக்கு ஒலியைப் பெருக்குவது எவ்வளவு கரகோஷம் பெற்றாலும் தோஷமே. புது உருப்படிகள் பற்றிய மூன்றாவது வழக்குக்குக் காலமே தீர்ப்புச் சொல்லிவிட்டது: ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்காகத் தால்ரோட் இயற்றிய 'யோசஃபின்ஸ் தூப்வால்ஸ்' இன்று பல தேசங்களின் நாட்டிசை வட்டங்களில், இயற்றியவர் இன்னாரென்று அறியாதவர்களாலும் வாசிக்கப்படுகிறது. ரூனா எழுத்துக்களையும் பழங்காலக் கொம்பு, யாழ்களையும் கொண்டு எய்னார் செல்விக்கின் வார்த்ரூனா குழு பெருஞ்சபைகளைக் கவர்வது வேறு வழி. அது தொல்காலத்தைக் கற்பனையால் எழுப்பும் முயற்சியாதலால், கிராமத்து வித்வானின் அளவுகோலால் அதை அளப்பது நியாயமாகாது.

எஞ்சியது காலப்பிரமாணமும் நாற்காலியும். இரண்டும் உண்மையில் ஒரே வழக்கு. நடுவர்களின் புள்ளி, சோர்னின் சின்னம், பாடாந்தரத்தின் வம்சாவளி ஆகிய எல்லா அளவுகோல்களையும் நுணுகிப் பார்த்தால், அவை காக்க முயன்றது சமமில்லாத அந்த மூன்று அட்சரங்களைத்தான் என்பது விளங்கும். வாத்தியம் மாறலாம், ஸ்வரங்களின் இசைவு விரியலாம், பாமரரின் களம் மண்டபமாகலாம். ஆனால் ஆடுகிறவன் எழுந்து வந்தால் அவன் கால் தடுமாறாமல் விழ வேண்டும். அந்த நடனத்தை வில்லிலே வைத்துக்கொண்டு வாசிக்கிற குழு, ஒருவரும் எழுந்து ஆடாத மண்டபத்திலும் சம்பிரதாயத்தைச் சேர்ந்ததே. அதைத் தவறவிட்ட குழு, எத்தனை பழைய உருப்படியை எந்தப் பெரியவர் பெயரைச் சொல்லி வாசித்தாலும் சம்பிரதாயத்துக்குப் புறம்பானதே. இந்த இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் ரசிகர்கள், வித்வானின் விரல்களின் வேகத்தில் மயங்குவதற்கு முன்னால், அவர் கால் எந்த அட்சரத்தில் தரையைத் தட்டுகிறது என்று ஒருமுறை கவனித்துக் கேட்பார்களாக. அப்படிக் கேட்டவர்களுடைய சர்ச்சை வீண்போகாது.