சிப்கோ இயக்கம்: கோரிக்கையும் விளைவும் – மூன்று வாசிப்புகள் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சுற்றுச்சூழல் இயக்கங்கள் சமூக மாற்றத்திற்கு வழிகோலுகின்றன என்னும் கருத்து ஆய்வுலகில் பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. எனினும், இயக்கத்தார் வேண்டிய மாற்றமும் அரசு வழங்கிய மாற்றமும் ஒன்றுதானா என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. இமயமலைப் பகுதியில் 1973இல் தோன்றிய சிப்கோ இயக்கத்தையும் அதனை விளக்கிய மூன்று நூல்களையும் முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: சிப்கோ, வன உரிமை, சூழலியல் பெண்ணியம், உழவர் எதிர்ப்பு, உத்தரகண்ட்

முன்னுரை

'சிப்கோ' என்னும் இந்திச் சொல் ஒட்டிக்கொள்ளுதல், தழுவிக்கொள்ளுதல் என்னும் பொருள்களைத் தரும். மரத்தைத் தழுவி நிற்கும் மலைநாட்டுப் பெண் என்னும் ஒற்றைப் படிமமாகவே இவ்வியக்கம் பொதுநினைவில் நிலைபெற்றுள்ளது. அப்படிமம் பொய்யன்று, ஆனால் முழுமையற்றது. அவள் எதற்காக அம்மரத்தைக் காத்தாள், காத்த பின் அம்மரத்தின் மீது அவளுக்கு என்ன உரிமை கிடைத்தது என்பவற்றை அப்படிமம் சொல்வதில்லை.

கோரிக்கையின் தோற்றுவாய்

இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டம் அன்று உத்தரப் பிரதேசத்தில் இருந்தது. அங்குச் சண்டி பிரசாத் பட் முதலியோர் 1964இல் நிறுவிய தசோலி கிராம சுவராஜ்ய சங்கம், வனப்பொருள்களைக் கொண்டு சிறுதொழில்கள் நடத்தி உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பு அளிக்க முயன்றது. 1970இல் அலக்நந்தா ஆற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம், மலைச்சரிவின் காடழிப்புக்கும் பள்ளத்தாக்கின் பேரழிவுக்கும் உள்ள தொடர்பை மக்களுக்கு உணர்த்தியது. 1973இல் வேளாண் கருவிகள் செய்வதற்காகச் சங்கம் கேட்ட ஆஷ் மரங்களை வனத்துறை மறுத்தது. அதே மரங்களை விளையாட்டுக் கருவிகள் செய்யும் வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கியது. ஏருக்கு மறுக்கப்பட்ட மரம் பந்துமட்டைக்கு வழங்கப்பட்ட இம்முரணே அவ்வாண்டு ஏப்ரலில் மண்டல் என்னும் ஊரில் எழுந்த முதல் எதிர்ப்புக்குக் காரணமாயிற்று.

அடுத்த ஆண்டு மார்ச் 26ஆம் நாள் ரேணி என்னும் ஊரில் நிகழ்ந்த தடுப்பு, இயக்கத்திற்கு நாடறிந்த முகத்தைத் தந்தது. நில இழப்பீடு பெறுவதற்காக ஆடவர் வெளியே சென்றிருந்த நாளில் மரம் வெட்டுவோர் வந்தனர். கௌரா தேவியின் தலைமையில் ஊர்ப் பெண்கள் அவர்களை மறித்து நின்றனர். இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து நோக்கின், மரத்தை எக்காலத்தும் எவரும் தொடலாகாது என்பது தொடக்கக் கோரிக்கை அன்று எனலாம். காட்டைப் பயன்படுத்துவதிலும் காப்பதிலும் அக்காட்டைச் சார்ந்து வாழ்வோர்க்கே முன்னுரிமை வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

மூன்று வாசிப்புகள்

வந்தனா சிவா 'ஸ்டேயிங் அலைவ்' (1988) என்னும் நூலில், இயற்கைக்கும் பெண்ணுக்கும் உள்ள உறவின் வெளிப்பாடாகச் சிப்கோவைக் காண்கின்றார். விறகு, தீவனம், நீர் ஆகியவற்றைத் தேடும் சுமை பெண்கள் மீதே விழுவதால், காடழிப்பை அவர்கள் முதலில் உணர்கின்றனர் என்பது வலுவான கருத்து. 1980இல் டூங்ரி பைந்தோலி என்னும் ஊரில் ஆடவர் அடங்கிய ஊர்மன்றம் ஓக் காட்டை விட்டுக்கொடுக்க இசைந்தபோது, பெண்களே அதனை எதிர்த்தமை இக்கருத்துக்குச் சான்றாகின்றது. ஆயினும், மண்டல் எதிர்ப்பின் அடிப்படையான தொழில் உரிமையும் வேலைவாய்ப்பும் இவ்வாசிப்பில் பின்தள்ளப்படுகின்றன.

ராமச்சந்திர குகா 'தி அன்கொயட் வுட்ஸ்' (1989) என்னும் நூலில், ஆங்கிலேயர் ஆட்சிக்கால வனச்சட்டங்களுக்கு எதிராகக் குமாவுன், கட்வால் பகுதி மக்கள் நடத்திய போராட்டங்களின் தொடர்ச்சியாக இவ்வியக்கத்தை நிறுவுகின்றார். உலகின் கண்ணுக்குச் சூழலியல் இயக்கமாகவும், உள்ளூரில் உழவர் இயக்கமாகவும் அது இருமுகம் கொண்டது என்பது அவர்தம் முடிபு. சுந்தர்லால் பகுகுணாவின் முழுமையான வெட்டுத்தடை நோக்கும் பட்டின் உள்ளூர் வளர்ச்சி நோக்கும் வேறுபட்டவை என்பதனையும் அவர் எடுத்துக்காட்டுகின்றார். எனினும், இயக்கத்தின் வேர்களைத் துலக்கிய அளவுக்கு அதன் பின்விளைவுகளை அவர் நூல் ஆராயவில்லை.

அவ்விடைவெளியை நிரப்புவது ஹரிப்ரியா ரங்கனின் 'ஆஃப் மித்ஸ் அண்ட் மூவ்மென்ட்ஸ்' (2000). சிப்கோ தொன்மமாக உயர்த்தப்பட்டபோது, வளங்களின் மீதும் சந்தையின் மீதும் பங்கு கேட்ட மலைமக்களின் குரல் அமுங்கிற்று என்பது அவர் வாதம். இதன் கூர்மை மறுக்கவியலாதது. ஆனால், மலைப்பெண்களின் அன்றாட உழைப்பிலிருந்து பிறந்த காட்டறிவைத் தொன்மம் என்னும் சொல்லுக்குள் முற்றிலும் அடக்கிவிட இயலாது.

கிடைத்த மாற்றம்

இயக்கத்தின் அழுத்தத்தால் அரசு நடவடிக்கைகள் பல மேற்கொள்ளப்பட்டன. ரேணி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட வல்லுநர் குழுவின் பரிந்துரைப்படி அலக்நந்தாவின் மேல்நீர்ப்பிடிப்புப் பகுதியில் பத்தாண்டு வெட்டுத்தடை வந்தது. தனியார் ஒப்பந்த முறையின் இடத்தை அரசின் வனக்கழகம் பிடித்தது. 1980களின் தொடக்கத்தில், 1,000 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளில் வணிக நோக்கில் பச்சைமரம் வெட்டுவது 15 ஆண்டுகளுக்குத் தடைசெய்யப்பட்டது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம், வனநிலத்தைப் பிற பயன்பாட்டிற்கு மாற்ற நடுவண் அரசின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது.

இவை பெருமாற்றங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒப்பந்ததாரர் இருந்த இடத்திற்கு அரசு வந்ததே தவிர, ஊரார் வரவில்லை. சாலை, குடிநீர்த் திட்டம் போன்றவை வனச்சட்டத்தால் தடைபடுகின்றன எனக் கருதிய மக்களைத் திரட்டி, உத்தரகண்ட் கிராந்தி தளம் 1988-89இல் மரம் வெட்டும் போராட்டத்தையே நடத்தியது. மரத்தைத் தழுவிய மண்ணிலேயே மரத்தை வெட்டும் போராட்டம் எழுந்தமையைச் சூழலுணர்வின் வீழ்ச்சியாகக் கொள்வது பொருந்தாது. நிறைவேறாது போன முதல் கோரிக்கையின் மறுவடிவமாகவே அதனைக் கொள்ளவேண்டும். 2000 நவம்பரில் தனிமாநிலம் அமைவதற்கு வழிவகுத்த மனக்குறைகளுள் இதுவும் ஒன்றாகும்.

ரேணியின் பிற்கால வரலாறு இதனை மேலும் தெளிவாக்குகின்றது. மரம் வெட்டத் தடை இருந்த அப்பகுதியில் ரிஷிகங்கா நீர்மின் திட்டம் அமைந்தது. 2021 பிப்ரவரி 7இல் மலையுச்சியிலிருந்து பாறையும் பனியும் சரிந்து உண்டான வெள்ளம் அத்திட்டத்தை அழித்தது, ரேணியும் பாதிப்புக்குள்ளானது. ரிஷிகங்கா, தௌலிகங்கா பள்ளத்தாக்குகளில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். மரத்தைக் காத்த சட்டம், ஆற்றையும் சரிவையும் குறித்து முடிவெடுக்கும் உரிமையை ஊராரிடம் தரவில்லை.

தொகுப்புரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, இயக்கம் சட்டத்தை மாற்றியது. சட்டம் இயற்றும் அதிகார உறவை மாற்றவில்லை. இரண்டாவதாக, அரசு தனக்கு இசைந்த பகுதியாகிய தடையை ஏற்று, இசையாத பகுதியாகிய உரிமையைத் தவிர்த்தது. மூன்றாவதாக, பெண்மை, உழவு, சந்தை என்னும் மூன்று வாசிப்புகளுள் எதுவும் தனித்து நிறைவுடையதன்று. சிவா காட்டும் உழைப்பும் குகா காட்டும் வரலாறும் ரங்கன் காட்டும் பின்விளைவும் ஒருங்கே வைத்து எண்ணத்தக்கவை.

ஆதலின், சூழல் இயக்கங்களை ஆராய முற்படுவோர் இயக்கம் வென்றதா என்னும் வினாவோடு நின்றுவிடாமல், மக்கள் என்ன கேட்டனர், அரசு எதனைத் தந்தது, தந்தது மக்கள் வாழ்வில் என்னவாயிற்று என மூன்றையும் தனித்தனியே வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவாத ஆய்வு, போராடிய மக்களைப் போற்றிக்கொண்டே அவர்தம் கோரிக்கையை மறந்துவிடும்.