பெயரும் பொருளும்: ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரில் மொழியின் நிலை

1. முன்னுரை

புகழ்பெற்ற மாயப்புனைவு நூல்களைத் தொலைக்காட்சித் தொடர்களாக மறுஆக்கம் செய்யும் போக்கு அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954-55), பீட்டர் ஜாக்சனின் இயக்கத்தில் 2001 முதல் 2003 வரை மூன்று திரைப்படங்களாக வெளிவந்தது. அந்நூலின் பின்னிணைப்புகளில் சுருக்கமாகக் கூறப்படும் முற்காலச் செய்திகளை விரித்து, ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ என்னும் தொடரை அமேசான் நிறுவனம் 2022இல் வெளியிட்டது. இரண்டாம் பருவம் 2024இல் வந்தது. தமிழ்க் குரலாக்கத்துடனும் இத்தொடர் வெளியிடப்பட்டுள்ளது.

இத்தகைய மறுஆக்கங்கள் குறித்து வாசகர்களிடையே எழும் ஐயம் பெரும்பாலும் கதைமாற்றத்தைப் பற்றியதாகவே அமைகிறது. கதையை மாற்றுவது தன்னளவில் குற்றமன்று. கம்பர் வான்மீகத்தைப் பல இடங்களில் மாற்றியே பாடினார். ஆயினும் இலக்குவன், வீடணன் எனப் பெயர்களைத் தமிழ் ஒலியமைப்பிற்கு இயையவே அமைத்துக்கொண்டார். எனவே கதைமாற்றத்தினும் அடிப்படையான வினா, மறுஆக்கம் மூலத்தின் மொழியமைப்பை எவ்வாறு கையாளுகிறது என்பதாகும். அதனைப் பெயர்களின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மூலநூலில் பெயர்கள்

டோல்கீன் ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். குவென்யா, சிந்தாரின் ஆகிய மொழிகளை ஒரே மூலத்திலிருந்து ஒலிமாற்ற விதிகளின்படி கிளைத்தவையாக உருவாக்கினார். மொழிகளே முன்னர்த் தோன்றின, கதைகள் அவற்றுக்கு ஓர் உலகை அளிக்கவே எழுந்தன என்பது அவர்தம் கூற்று. மேலும், தம் நூலையே கதையுலகின் பொதுமொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்த ஒன்றாக அவர் அமைத்துள்ளார். ‘பிளவிடைப் பள்ளத்தாக்கு’ என்னும் பொருளுடைய ஓர் இடம் சிந்தாரினில் ‘இம்லாத்ரிஸ்’ என்றும், பொதுமொழியில் ‘கர்னிங்குல்’ என்றும், ஆங்கில வடிவில் ‘ரிவெண்டெல்’ என்றும் வழங்குவது இதற்குச் சான்று. ஆங்கிலப் பொருள் தரும் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டும், பிறவற்றை மாற்றாது விடவேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு அவரே ஒரு வழிகாட்டி எழுதினார். அது 1975இல், அவர் மறைவுக்குப் பின்னர், அச்சில் வந்தது.

3. தொடரில் பெயர்கள்

இத்தொடர் மொழியை முற்றிலும் புறக்கணித்தது எனல் பொருந்தாது. குவென்யாவிலும் சிந்தாரினிலும் அமைந்த உரையாடல்கள் இதில் இடம்பெறுகின்றன. இரண்டாம் பருவத்தில் சவ்ரான் ‘அன்னதார்’ என்னும் பெயருடன் மாற்றுருவில் தோன்றுகிறான். அன்னா என்பது கொடை. தார் என்பது தலைமையைக் குறிக்கும் கூறு. ஆகவே ‘கொடைகளின் தலைவன்’ என இப்பெயரின் பொருளைத் தமிழில் எளிதாகத் தரமுடிகிறது.

அதே பருவத்தின் இறுதியில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்கிறது. ஹாபிட்டுகளின் முன்னோரான குறுமக்கள் பெயரறியா அந்நியனை ‘கிராண்ட் எல்ஃப்’ என்று அழைக்க, அதிலிருந்தே அவன் ‘காண்டால்ஃப்’ என்னும் பெயரை அடைகிறான். உண்மையில் இது பழைய நார்ஸ் பாடலொன்றின் குள்ளர் பெயர்ப் பட்டியலில் காணப்படும் பெயர். மந்திரக்கோல், எல்ஃப் என்னும் பொருளுடைய இரு கூறுகளால் ஆனது. டோல்கீனின் கதையுலகில், கோலேந்திய எல்ஃப் என்று கருதி வடநாட்டு மனிதர் இட்ட பெயர் இது. எல்ஃப் இனத்தார் அவனை ‘மித்ராந்திர்’, அதாவது சாம்பல்நிற யாத்திரிகன், என்றனர். குள்ளர்கள் ‘தார்கூன்’ என்றனர். ஒவ்வோர் இனமும் தன்தன் மொழியில் பெயரிட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

பெயரே மொழிபெயர்ப்பு எனில் சிலேடையும் மொழிபெயர்ப்பாகலாமே என வாதிடக்கூடும். ஆயின் டோல்கீன் மனிதர் மொழிகள் சிலவற்றுக்கு ஈடுமொழிகளைத் தேர்ந்து கையாண்டார். வடநாட்டார் பெயரைக் குறுமக்களின் வழக்கிலிருந்து, அதுவும் பிரெஞ்சு வழி ஆங்கிலத்திற்கு வந்த ‘கிராண்ட்’ என்னும் சொல்லைக் கொண்டு விளக்குவது அவ்வமைப்பைக் குலைக்கிறது. இது ஒலியொப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்ட மக்கள்வழக்குச் சொற்பிறப்பு விளக்கமாகும்.

மொழிபெயர்ப்பாளருக்கு இதனால் விளையும் இடர் வெளிப்படை. ‘பெரிய எல்ஃப்’ என்றோ ‘மகா எல்ஃப்’ என்றோ தமிழாக்கினால் ‘காண்டால்ஃப்’ என்பதன் ஒலி கிட்டாது. ஆங்கிலத்தை அப்படியே வைத்தால் தமிழ் மட்டும் அறிந்தவருக்குப் பொருள் கிட்டாது. புனைந்த மொழியில் வேரூன்றிய ‘அன்னதார்’ தமிழுக்குப் பெயர்கிறது. ஆங்கிலச் சிலேடையில் வேரூன்றிய பெயரோ பெயர மறுக்கிறது.

4. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மறுஆக்கத்தின் குறை அதன் மூலமொழிப் பார்வையாளர்க்குப் புலப்படாது மறையினும், மொழிபெயர்ப்பில் வெளிப்பட்டு விடுகிறது என்பது பெறப்படும். மூலமொழியில் மட்டுமே நகைக்கத்தக்க ஒரு சொல்லாட்டிற்காக ஒரு பெயரின் வரலாற்றை இழப்பது தக்கதன்று. பல மொழிகளில் ஒருங்கே வெளிவரும் தொடர்கள் இனியும் பெருகும். டோல்கீன் தனியொருவராக எழுதித் தந்ததுபோன்ற பெயர்வழிகாட்டி ஒன்றை, உரையாடல் எழுதப்படும் நிலையிலேயே மொழியியலாரையும் மொழிபெயர்ப்பாளரையும் கொண்டு உருவாக்குவது பெருநிறுவனங்களுக்கு அரிதன்று. அதுவரை இத்தகைய மறுஆக்கங்களை ஐயத்துடன் அணுகுவதே முறையாகும்.