தினு லிபட்டியின் இறுதிக் கச்சேரி

ருமேனியப் பியானோக் கலைஞர் தினு லிபட்டி 1917-இல் புக்கரெஸ்ட் நகரில் பிறந்தவர். பாரிசில் ஆல்பிரட் கோர்ட்டோவிடம் பயின்றவர். நிணநீர்ப் புற்றுநோய் அவரை இளமையிலேயே வாட்டியது. 1950 செப்டம்பர் 16 அன்று பிரான்சின் பெசன்சோன் நகரில் அவர் தம் இறுதிக் கச்சேரியை நிகழ்த்தினார். நிறைவாக ஷோப்பானின் 14 வால்ட்சு நடன இசைகளை வாசிக்க எண்ணியவர், 13 முடிந்ததும் வலுவிழந்தார். சற்றே இளைப்பாறி, பாக் இயற்றிய 'இயேசுவே, மாந்தரின் மகிழ்வே' என்னும் துதியிசையோடு நிறைவு செய்தார். டிசம்பர் 2-இல், 33-ஆம் வயதில், ஜெனிவாவில் மறைந்தார்.

இவ்வரலாற்றை அறிந்தோர், அக்கச்சேரியின் ஒலிப்பதிவில் சுரத்திற்குச் சுரம் மரணத்தையே தேடுகின்றனர். நம் இரக்கம் அவருடைய இசைக்குத் திரையாகிவிடுகிறது. பாக்கின் முதல் பார்ட்டிட்டாவைச் செவிமடுத்துப் பாருங்கள். இரு கைகளின் குரல்களும் தனித்தனியே தெளிந்து ஒலிக்கின்றன, தாளம் தளரவில்லை. மொஸார்ட்டின் ஏ மைனர் சொனாட்டாவில் துயரம் உண்டு. ஆயினும் அது மொஸார்ட்டின் துயரம். வாசிப்பவர் தம் வேதனையை அதன்மேல் ஏற்றவில்லை.

தம்மை மறைத்துக்கொண்டு பிறர் படைப்பைப் பேசவிடுவதே அவருடைய கலை. சாகும் தறுவாயிலும் அவர் அதைக் கைவிடவில்லை. நோயை மறந்து அவ்விசையைக் கேட்பதே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றி.